ஆஸ்பத்திரி பில்லைப் படிச்சுப் பார்ப்போமா?



குழுவில் அவசரக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் காரணம் கேட்டால், "ஆஸ்பத்திரிச் செலவு" என்ற பதில்தான் அடிக்கடி வருகிறது. வட்டி கட்டப்போவது நாம். பில்லை மட்டும் ஏன் படிக்காமல் மடித்து வைக்கிறோம்?

"மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதிய சீட்டோடு திரும்பி வராதீர்கள். படுக்கை எத்தனை நாள், டாக்டர் பார்த்தது எத்தனை தடவை, என்னென்ன பரிசோதனை என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம். தனியார் மருத்துவமனையில் அன்றன்றைக்குக் கணக்குக் கேட்டுவிட்டால் கடைசி நாளில் தலை சுற்றாது. மருந்து பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் மாத்திரை அட்டையில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிரிக்காத ஊசி மருந்து மிச்சம் இருந்தா திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க.

கம்ப்யூட்டர் வந்தபிறகு இன்னொரு குழப்பம். 2021-ல் நாடு முழுவதும் தொடங்கிய ஆபா எண்ணைக் காப்பீட்டு அட்டை என்று பலர் நினைக்கிறோம். அது 14 இலக்க எண். நம் மருந்துச்சீட்டு, பரிசோதனை முடிவுகளை நம் சம்மதத்தோடு டாக்டருக்குக் காட்ட உதவும், அவ்வளவுதான். பைசா கட்டாது. பணம் கட்டுவது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு. முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதால் அட்மிஷன் போடும்போதே அட்டையைக் காட்டிடுங்க. பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் இப்போதே திருத்தி வையுங்கள்.