ஊறுகாய் விற்ற நமக்கு வேலை தேடத் தெரியாதா?



நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி உள்கடன் 15,000 ரூபாய் வாங்கினார். எதற்கு? பிளஸ் டூ முடித்த மகளுக்குத் தாம்பரம் பக்கம் கம்பெனி வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன புரோக்கருக்குக் கொடுக்க. வேலையும் வரலை, பணமும் வரலை. தவணை மட்டும் மாதாமாதம் வருகிறது.

கண்காட்சியில் ஸ்டால் போட்டு ஊறுகாய், அப்பளம் விற்றவர்கள் நாம். விற்பனைப் பயிற்சியில் பொருள், இடம், விலை, விளம்பரம் என்று நான்கு சொன்னார்களே, நினைவிருக்கிறதா? 1960-ல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்தது அது. வேலை தேடவும் அதுவே போதும்.

1. பொருள்

இங்கே பொருள் என்பது நம் பிள்ளையின் திறமை. "எந்த வேலைன்னாலும் செய்வேன்" என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "பவர் மெஷினில் தைப்பேன்", "கம்ப்யூட்டரில் பில் போடுவேன்" என்று சொல்லணும். குழுக் கணக்கு எழுதியதும், வங்கிக்குப் போய்ப் பேசியதும்கூட திறமைதான். கைத்தொழில் தெரியாவிட்டால் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசத் திறன் பயிற்சி பற்றிச் சொல்வார்கள்.

2. இடம்

தாம்பரம் என்றாலே எல்லோரும் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் வளாகத்தைத்தான் சொல்வார்கள். சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதோடு நின்றுவிடாதீர்கள். மறைமலைநகர், ஒரகடம் பக்கமும் தொழிற்சாலைகள் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டையில் ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி என்று எத்தனையோ. ஒரே வாடிக்கையாளரை நம்பி ஊறுகாய் போடுவோமா? ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்த ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கி 2014-ல் மூடப்பட்டது. அதை மறக்கக் கூடாது.

3. விலை

சம்பளம் 12,000 என்றால் கைக்கு 12,000 வராது. முழுச் சம்பளத்துக்கும் பிடித்தால் பி.எப். 12 சதவீதம் 1,440 ரூபாய், ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 90 ரூபாய். மீதி 10,470. இந்தப் பிடித்தம் நஷ்டமில்லை. பி.எப். நம் சேமிப்பு, ஈ.எஸ்.ஐ. நம் வைத்தியம். பிடித்தமே இல்லை என்றால்தான் ஏன் என்று கேட்கணும். அப்புறம் போக்குவரத்து. கம்பெனி வண்டி வருமா? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குப் பயணம் இலவசம். தூரத்துப் பிள்ளைகளுக்கு, அரசின் தோழி விடுதி தாம்பரத்தில் இருக்கிறது. வாடகை, சாப்பாடு எல்லாம் கழித்து மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

4. விளம்பரம்

ருசி பார்த்தவர் வாய்ச்சொல்தானே நம் ஊறுகாயை விற்றது? அதுபோல, அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே வேலை பார்க்கும் பெண்ணிடம் முதலில் விசாரியுங்கள். எப்போது ஆள் எடுக்கிறார்கள், சூப்பர்வைசர் எப்படி, ராத்திரி ஷிப்டு உண்டா என்று அவளுக்குத்தான் தெரியும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாமுக்கு ஒரு பக்க பயோடேட்டா, சான்றிதழ் நகலோடு போங்கள். அங்கே கட்டணம் கிடையாது.

கடைசியாக ஒன்று. கடையில் யார் யாருக்குக் காசு கொடுப்பார்கள்? வாங்குகிறவர்தான் விற்கிறவருக்குக் கொடுப்பார். உழைப்பை விற்பவர்கள் நாம். பிறகு நாம் ஏன் காசு கொடுக்கணும்? வேலைக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழையும் யாரிடமும் விட்டு வராதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். எந்த வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருக்கிறது, யாருக்கு எந்தக் கம்பெனியில் ஆள் தெரியும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் உள்கடன் இனி புரோக்கர் கைக்குப் போக வேண்டாம்.