குலை எந்தத் தோட்டத்தில் வெட்டியது?

காலையில் நாம் பசியாறும் ரொட்டி சானாய், பிள்ளைகள் விரும்பும் பிஸ்கட், குளியலறைச் சவர்க்காரம் என்று பலவற்றிலும் செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறது. அந்த எண்ணெய் எந்தத் தோட்டத்துக் குலையிலிருந்து வந்தது என்று கேட்டால், கடைக்காரருக்குத் தெரியாது. பல வேளைகளில் ஆலைக்கே தெரியாது.

வெளிநாட்டுச் சந்தை இன்று கேட்பது அந்தக் கேள்வியைத்தான். 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து உருவாக்கிய நிலத்தின் விளைபொருள் அங்கே விலைபோகாது. விளைந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதையும் வரைபடக் குறியீட்டோடு காட்ட வேண்டும். சட்டம் அமலாகும் தேதி இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் இறுதி வரை அவகாசம் கிடைத்திருக்கிறது.

எங்கே சிக்கல்?

பெரிய நிறுவனத்திடம் நில வரைபடமும் அதிகாரிகளும் உண்டு. ஆனால், மலேசியாவின் செம்பனைப் பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சிறு தோட்டக்காரர்களுடையது. ஐந்தாறு ஏக்கர் வைத்திருப்பவரின் குலைகள் முதலில் இடைத்தரகரின் கொள்முதல் நிலையத்திற்குப் போகின்றன. அங்கே பலருடைய குலைகளும் ஒரே லாரியில் ஏறுகின்றன. வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் வேக வைப்பது நல்லது. தாமதித்தால் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் குறையும். அந்த அவசரத்தில் யாருடைய குலை எது என்று பிரித்து வைக்க முடிவதில்லை. ஆலைக் கலனில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

ஒரு தோட்டத்தின் விவரம் இல்லையென்றால் கலன் முழுவதும் சந்தேகத்திற்குள்ளாகிறது. "சிறியவர்களிடம் வாங்குவதையே நிறுத்திவிடுவோம்" என்று ஆலை முடிவெடுப்பது சுலபம். அப்படி நடந்தால், காட்டைத் தொடாத குடும்பமும் வருமானத்தை இழக்கும். காட்டை அழித்தவரோ கேள்வி கேட்காத வேறு சந்தையைத் தேடிக்கொள்வார். காடும் பிழைக்காது, குடும்பமும் பிழைக்காது.

கூட்டாகச் செய்தால்

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2004-இல் தோட்ட நிறுவனங்கள், வணிகர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் ஆகியவை சேர்ந்து ஆர்.எஸ்.பி.ஓ. என்ற வட்டமேசை அமைப்பைத் தொடங்கின. மலேசியாவின் சொந்தச் சான்றிதழான எம்.எஸ்.பி.ஓ. 2020-இல் கட்டாயமாக்கப்பட்டது. தனி ஒருவர் தணிக்கைச் செலவைத் தாங்க முடியாது என்பதால், ஒரு வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்துச் சான்றளிக்கும் முறையும் உண்டு.

சான்றிதழ் மட்டும் போதாது. இடைத்தரகர் யாரிடம் எத்தனை கிலோ வாங்கினார் என்பதைப் பதிய வேண்டும். ஆலை அந்தக் கணக்கைச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு மறைக்காமல் தர வேண்டும். நிலத்தை அளந்து குறியீடு எடுக்க ஆகும் செலவில், எண்ணெயை வாங்கும் பெரிய நிறுவனமும் பங்கேற்க வேண்டும். நல்ல எண்ணெய் வேண்டும் என்று கேட்பவர், அதற்கான சுமையை ஐந்து ஏக்கர்க்காரரின் தோளில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது.

ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ குலை தேவை. கொளுத்தும் வெயிலில் அந்தக் குலையை அறுத்துச் சுமந்தவரின் பெயர், விநியோகச் சங்கிலியின் முதல் கண்ணியில் பதிவாக வேண்டும். பதிவு இல்லை என்று சங்கிலியிலிருந்து முதலில் கழற்றிவிடப்படுவதும் அவராக இருந்துவிடக்கூடாது.