உஷார்! காயலான் கடைக்கு வரும் காமா கதிர்

பழைய இரும்பு வாங்குபவர்கள், கல்லூரி ஆய்வகத்தையோ ஆஸ்பத்திரியையோ காலி செய்து ஏலம் விடுபவர்கள், அவசியம் படியுங்கள்.

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1968-ல் கனடாவிலிருந்து வாங்கிய ஒரு கருவி இருந்தது. 1985-க்குப் பிறகு அதைப் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். டெல்லியின் மாயாபுரி இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது காமா கதிரை வீசும் கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60. ஒருவர் அதில் ஒரு சின்னத் துண்டை பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தார். எட்டுப் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஏப்ரலில் ஒருவர் இறந்தே போனார்.

"இத்தனை வருஷம் கிடந்த சரக்குதானே, வீரியம் போயிருக்காதா?" போயிருந்தது. கோபால்ட்-60-ன் அரை ஆயுள் ஐந்தேகால் வருஷம். அதற்குள் அதன் வீரியம் பாதியாகும், அடுத்த ஐந்தேகாலில் அதிலும் பாதி. 42 வருஷத்தில் எட்டு முறை பாதியானால் மிச்சம் 256-ல் ஒரு பங்கு. அந்த மிச்சம்தான் ஆளைக் கொன்றது.

நிலையில்லாத அணுக்கரு தானாகவே சிதைந்து கதிரை வெளியேற்றுகிறது. அதுதான் கதிரியக்கம். இதற்கு சுவிட்ச் கிடையாது. எக்ஸ்ரே மெஷினில் கரண்டை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். கோபால்டை நிறுத்த யாராலும் முடியாது. வாசனை, சத்தம் எதுவும் காட்டிக்கொடுக்காது.

கதிர்களில் ஆல்ஃபா ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது, தோலே தடுத்துவிடும். அலட்சியம் வேண்டாம்: மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போனால் அதுதான் படுமோசம். 2006-ல் லண்டனில் முன்னாள் ரஷ்ய உளவாளி லித்வினென்கோவைக் கொன்ற பொலோனியம்-210 ஆல்ஃபா ரகம். பீட்டா தோலைப் பொசுக்கும். சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும், நின்றுவிடும். காமாதான் உடம்பை ஊடுருவிப் போவது. அதை அடக்கக் கனமான ஈயமோ தடித்த கான்கிரீட்டோ வேண்டும்.

காமா பட்டவர் கதிரியக்கம் உள்ளவராக மாறிவிடுவதில்லை. அவரைத் தொட்டுத் தூக்கலாம். கதிரியக்கத் தூள் உடம்பில் ஒட்டியிருந்தால் கதையே வேறு. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியை உடைத்தபோது இருட்டில் நீலமாக ஒளிரும் சீசியம்-137 தூள் கிடைத்தது. அதிசயம் என்று உடம்பில் பூசிக்கொண்டார்கள், வீடு வீடாகப் பங்கு கொடுத்தார்கள். 249 பேர் மேல் தூள் ஒட்டியிருந்தது. நாலு பேர் செத்தார்கள், ஒன்று ஆறு வயதுக் குழந்தை. சந்தேகப்பட்டு அதைப் பையில் போட்டு பஸ்ஸில் சுகாதார அலுவலகத்துக்கு எடுத்துப்போன பெண்ணால்தான் விஷயமே வெளியில் வந்தது. அவரும் பிழைக்கவில்லை.

ஆகவே, மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறிச் சின்னம், அல்லது சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் தெரிந்தால் சுத்தியலைக் கீழே போடுங்கள். சின்னம் உரிந்திருக்கலாம், அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருளையும் சந்தேகத்துக்குரியதே. வாந்தி, வயிற்றுப்போக்கு, நெருப்பே படாமல் தோலில் தீப்புண், முடி கொட்டுதல் என்று வந்தால் என்ன பொருளைப் பிரித்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவரால் பார்த்தவுடன் ஊகிக்க முடியாது.

பொருளைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். விலகி நில்லுங்கள்: தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் தாக்கம் நாலில் ஒன்றாகும். யாரையும் கிட்டே விடாமல் 112-க்குப் போன் போடுங்கள்.