வயற்காட்டுச் சமையலுக்கு ஏற்ற கத்தி எது?

வீட்டில் காய் நறுக்க அரிவாள்மனை இருக்கிறது. ஆனால், அதைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக முடியாது. அறுவடை நேரத்தில் களத்து மேட்டிலேயே சமைக்கிறோம். இரவுக் காவலுக்குப் போனால் மோட்டார் கொட்டகையில் உலை வைக்கிறோம். குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் போனால் மரத்தடியில்தான் அடுப்பு. ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கோ வருஷத்தில் பல மாதம் வெட்டவெளிதான் சமையலறை. இப்படிப்பட்ட இடங்களில் கையில் கிடைக்கும் கதிர் அரிவாளாலோ, சந்தையில் வாங்கிய தகரக் கத்தியாலோ வேலையை ஓட்டிவிடுகிறோம். வெங்காயம் நசுங்குகிறது, கறி பிய்கிறது. மழுங்கிய கத்தியை அழுத்தும்போது அது வழுக்கி விரலில் இறங்குகிறது. நாற்று நடவு நேரத்தில் ஒரு விரல் போனால், அந்தப் பட்டத்துக் கூலியே போய்விடும்.

'வெளியில் சமைக்க மலிவாக, நீடித்து உழைக்கிற மாதிரி ஒரு கத்தி சொல்லுங்கள்' என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். எந்தக் கம்பெனிக் கத்தி என்பதைவிட, எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொண்டால் உள்ளூர்ப் பட்டறையிலும் வாங்கலாம், பாத்திரக் கடையிலும் வாங்கலாம்.

மடக்குக் கத்தி ஏன் வேண்டாம்?

மடக்குக் கத்தி சட்டைப்பையில் வைக்க வசதிதான். ஆனால், அது மடங்குகிற இடுக்கில் கறித்துணுக்கும் வெங்காயச் சாறும் புகுந்துவிடும். அதை முழுக்கக் கழுவி எடுப்பது கஷ்டம். ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். பூசணி போன்ற கெட்டியான காயை அழுத்தி வெட்டும்போது ஆணி தளர்ந்திருந்தால், அலகு கைப்பக்கமே மடங்கிவிடும். சமையலுக்கு மடங்காத, ஒரே துண்டாக உள்ள கத்திதான் பாதுகாப்பு.

நீளமும் கனமும்

காய், மீன், கோழி, எலும்பில்லாத கறி ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே கத்தி என்றால், 5 முதல் 6 அங்குல அலகு போதும். அதைவிட நீண்டால் பையில் அடங்காது, குந்தி உட்கார்ந்து நறுக்கவும் தோதுப்படாது. 4 அங்குலத்துக்குக் குறைந்தால் முட்டைக்கோஸ், பூசணி வெட்டத் திணறும்.

கத்தியின் முதுகு 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம். 'கெட்டியாக இருந்தால் நல்ல கத்தி' என்று பலரும் நினைக்கிறார்கள். 5 மில்லிமீட்டர் முதுகுள்ள கத்தி கேரட்டை வெட்டாது, ஆப்பு மாதிரி பிளக்கும். முதுகிலிருந்து வாய்ப்பக்கம் வரவர மெலிந்துகொண்டே வர வேண்டும்.

இன்னொன்று, அடிப்பக்கம் (கைப்பிடியை ஒட்டிய பகுதி) கைப்பிடியைவிடக் கீழே கொஞ்சம் இறங்கியிருக்கட்டும். அப்போதுதான் பலகையில் வைத்து நறுக்கும்போது விரல் மூட்டு பலகையில் இடிக்காது. கையில் எண்ணெயோ மீன் வழுவழுப்போ இருக்கும்போது கை முன்னால் வழுக்கி வாய்ப்பக்கம் போகாமலும் அந்த இறக்கமே தடுக்கும்.

எந்த இரும்பு?

கத்தி கூராக நிற்பதற்குக் காரணம் இரும்பில் கலந்துள்ள கரி, அதாவது கார்பன். கட்டுமானக் கம்பி, ஜன்னல் பட்டை போன்ற மெல்லிரும்பில் கரி மிகக் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் உறுதி ஏறாது. லாரி, ஜீப் வண்டிகளின் பழைய வில்பட்டையில் சுமார் 0.5 முதல் 0.6 சதவிகிதம் கரி இருக்கும். இதனால்தான் நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்கும் கத்திக்கும் வில்பட்டையைத் தேடி வாங்குகிறார்கள்.

வில்பட்டையாக இருந்தால் மட்டும் போதாது. செக்கச்சிவக்கக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குகிற 'தோய்ச்சல்' சரியாக இருக்க வேண்டும். தோய்ச்சல் குறைந்தால் வாய் மடங்கும். மிஞ்சினால் வாய் பொரிந்து உதிரும். கைதேர்ந்த கொல்லர் வாய்ப்பக்கத்தை மட்டும் உறுதியாக்கி, முதுகை இளக்கமாக விடுவார். அப்படிப்பட்ட கத்தி கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது.

கடையில் விற்கும் பளபளப்பான கத்திகள் துருப்பிடிக்காத எஃகு. இவற்றில் 12, 13 சதவிகிதம் குரோமியம் கலந்திருக்கும். ஈரத்திலும் உப்பிலும் கிடந்தாலும் எளிதில் துருப்பிடிக்காது. மீன் அதிகம் சமைக்கிறவர்களுக்கும், கத்தியைக் கழுவித் துடைக்க நேரமில்லாதவர்களுக்கும் இதுவே ஏற்றது. விலை குறைந்தவற்றில் கூர் சீக்கிரம் போகும் என்பதுதான் குறை. அடிக்கடி தீட்ட வேண்டிவரும். நல்ல வில்பட்டைக் கத்தி கூராக நிற்கும், ஆனால் துடைக்காமல் வைத்தால் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும். உங்கள் பழக்கம் எதுவோ, அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

'காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வர்' என்று சிலர் சோதிக்கிறார்கள். பாத்திரத்துக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். கத்திக்குப் பொருந்தாது. கூர் நிற்க வேண்டிய எஃகு வேறு வகை என்பதால் நல்ல எவர்சில்வர் கத்தியிலும் காந்தம் ஒட்டும்.

கைப்பிடியில்தான் ஏமாறுகிறோம்

கத்தி வாங்கும்போது எல்லோரும் அலகைத் தடவிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் முதலில் கழன்று விழுவது கைப்பிடிதான். அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை போய், இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, இரண்டு அல்லது மூன்று ஆணிகளால் அறைந்திருந்தால் அது உறுதி. கைப்பிடியின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தால், நடுவில் இரும்புக் கோடு தெரியும்.

குச்சி மாதிரி மெலிந்த காம்பைக் கைப்பிடிக்குள் சொருகி, அரக்கு வைத்து ஒட்டிய கத்திகளும் உண்டு. வீட்டு வேலைக்கு அவை போதும். ஆனால், அடுப்புப் பக்கம் வைத்தாலோ கொதிநீரில் போட்டாலோ அரக்கு இளகி, கைப்பிடி ஆடும். இப்படிப்பட்ட கத்தியை வாங்கினால், பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி கழுவ எளிது, தீயருகே வைத்தால் உருகும். மரக் கைப்பிடி பிளந்துபோனால் உள்ளூர்த் தச்சரே மாற்றித் தருவார்.

கைப்பிடி உங்கள் உள்ளங்கையை நிரப்ப வேண்டும். வீட்டில் சமைப்பது பெண்கள் என்றால், அவர்களையே பிடித்துப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். ஆண்களின் கைக்கு அளவாகச் செய்த கைப்பிடி அவர்களுக்குப் பருமனாக இருக்கும்.

வாங்குமுன் ஐந்து சோதனை

1. கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முனையிலிருந்து கைப்பிடிவரை பாருங்கள். அலகு கோணாமல் நேராக இருக்க வேண்டும்.

2. வாய்ப்பக்கத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா பாருங்கள். தோய்ச்சலில் விழுந்த விரிசல் பின்னாளில் உடையும்.

3. வாயில் நீலம் பாய்ந்த இடம் இருந்தால் வேண்டாம். சாணை இயந்திரத்தில் சூடேறி, அந்த இடத்தில் உறுதி போய்விட்டது என்று அர்த்தம்.

4. கடைக்காரர் சம்மதித்தால், அடிப்பக்கத்தில் அரத்தால் லேசாக இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் தோய்ச்சல் இல்லை. கண்ணாடிபோல் வழுக்கினால் உறுதி மிஞ்சிப்போய்ப் பொரிய வாய்ப்புண்டு. கொஞ்சம் பிடித்துக் கொஞ்சம் எதிர்த்தால் பதம் சரி.

5. கைப்பிடியைப் பிடித்து முனையைப் பலகையில் அழுத்துங்கள். எந்த ஆட்டமும் இருக்கக் கூடாது.

மலிவு என்பதையும் சரியாகக் கணக்கிடுங்கள். 80 ரூபாய்க் கத்தி நான்கு மாதத்தில் வீணானால் ஆண்டுக்கு மூன்று வாங்க வேண்டும், 240 ரூபாய் ஆகிவிடும். 300 ரூபாய்க் கத்தி ஐந்து வருஷம் உழைத்தால் ஆண்டுக்கு 60 ரூபாய்தான். தேய்ந்தால் அதே பட்டறையில் தட்டித் தீட்டியும் வாங்கிக்கொள்ளலாம்.

பூச்சிமருந்து தொட்ட கத்தி அடுப்பங்கரைக்கு வேண்டாம்

மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். வயலில் ஒரே கத்தியால் மருந்துப் பாக்கெட்டைக் கிழிக்கிறோம், மருந்து கலந்த விதைப் பையை அறுக்கிறோம், மதியம் அதே கத்தியால் தக்காளி நறுக்குகிறோம். கைப்பிடி இடுக்கில் தங்கிய மருந்தைக் கழுவி எடுத்துவிட்டோம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதைச் சாப்பிடுவது நம் குழந்தைகளும்தான். சமையல் கத்தியின் கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள், அல்லது சிவப்புக் கயிறு சுற்றுங்கள். சிவப்புக் கத்தி சமையலுக்கு மட்டும் என்று வேலையாட்களுக்கும் சொல்லிவையுங்கள். மருந்துப் பைகளுக்குத் தேய்ந்த பழைய கத்தி ஒன்றைத் தனியே கொட்டகையில் தொங்கவிடலாம்.

தீட்டுவதும் வைப்பதும்

கல்லில் தீட்டும்போது கோணம் தவறினால் கூர் வராது. கத்தியைக் கல்மேல் நிமிர்த்திப் பிடியுங்கள். அதில் பாதி சாயுங்கள், மறுபடி அதில் பாதி சாயுங்கள். கிட்டத்தட்ட 22 டிகிரி கிடைக்கும். சமையலுக்கு அது சரியான கோணம். ஒரு பக்கம் தீட்டியதில் மறுபக்கம் பிசிர் தட்டுப்பட்டால், அடுத்த பக்கம் திருப்புங்கள். கடைசியில் அழுத்தாமல் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிர் போய்விடும்.

வேலை முடிந்ததும் கழுவி, துணியால் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். புளி, எலுமிச்சை, வெங்காயம் பட்டு இரும்புக் கத்தி கறுப்பது இயல்பு. அதனால் தீங்கில்லை. செம்பழுப்புத் துருவைத்தான் உடனே தேய்த்து எடுக்க வேண்டும்.

உறைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. சொட்டுநீர் போட்டதில் மிஞ்சிய பி.வி.சி. குழாய்த் துண்டை நன்கு கொதிக்கும் நீரில் போட்டால் இளகும். இடுக்கியால் எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அமுக்கினால் தட்டையான உறை தயார். தீயில் காட்டி இளக்காதீர்கள், அந்தப் புகை கெடுதல்.

சட்டம் என்ன சொல்கிறது?

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நாம் சொல்லும் 6 அங்குலக் கத்திக்குச் சிக்கலில்லை. இருந்தாலும், இடுப்பில் செருகாமல், உறை போட்டு, சமையல் சாமான் பையில் வைத்து எடுத்துப்போங்கள்.

வாசகர் கேள்விகள்

*கத்தியைத் தீயில் வாட்டினால் சுத்தமாகுமே, செய்யலாமா?*

செய்யாதீர்கள். தீயில் வாய் நீலமாக மாறும்வரை சூடேறினால் தோய்ச்சல் போய், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரை ஊற்றினால் போதும். பச்சைக் கறி வெட்டியபின் இப்படிக் கழுவாமல் வெள்ளரி, வெங்காயம் போன்ற பச்சையாகத் தின்பவற்றை நறுக்க வேண்டாம்.

*இதே கத்தியால் ஆட்டெலும்பு வெட்டலாமா?*

கூடாது, வாய் பொரிந்துவிடும். எலும்புக்கு கனமான வெட்டுக்கத்தியும் புளியமரக் கட்டையும்தான் சரி. இந்தக் கத்தியால் மூட்டைப் பார்த்துப் பிரித்தெடுக்கலாம்.

*பரண்மேல் கிடந்த தாத்தா காலத்துக் கத்தி துருவேறிப்போயிருக்கிறது. தேறுமா?*

பெரும்பாலும் தேறும். புளியைக் கரைத்துப் பூசி ஊறவிட்டு, சாம்பல் வைத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். வாயில் ஆழமான குழியோ விரிசலோ இல்லாவிட்டால், கைப்பிடியை மட்டும் புதிதாகப் போட்டுத் தீட்டிக்கொள்ளுங்கள். புதுக்கத்திச் செலவு மிச்சம்.

*வயலில் கையை வெட்டிக்கொண்டால் என்ன செய்வது?*

சுத்தமான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சலவைத் துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண் எதையும் வைக்காதீர்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ, மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிறு காயம் என்றாலும், தடுப்பூசி போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, ரணஜன்னிக்கு ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.