சர்வரில் வன்தட்டுகளைப் பொருத்துதலும் கேபிள் இணைத்தலும்



பள்ளிக் கணினிக் கூடத்தில் ஒரு சின்ன சர்வர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியல், மாணவர்களின் செயல்திட்டக் கோப்புகள், பழைய தேர்வுத்தாள்கள் எல்லாம் அதில்தான். இடம் போதவில்லை என்றதும், "நாலு வன்தட்டு வாங்கி மாட்டிட்டா முடிஞ்சது" என்று சொல்லிவிடுவோம். மாட்டுவது பெரிய வேலை இல்லைதான். ஆனால் எந்தக் கேபிள் எந்தத் தட்டுக்குப் போகிறது என்று எழுதி வைக்காவிட்டால், பின்னாளில் ஒரு தட்டு பழுதாகும்போது தவறுதலாக நல்ல தட்டைக் கழற்றிவிடுவோம். ஓராண்டு வேலை ஒரு நிமிடத்தில் போய்விடலாம். ஆகவே ஒவ்வொரு படியையும், அதற்கான காரணத்தோடு பார்ப்போம்.

1. திறப்பதற்கு முன்

முதலில் தரவுகளை வேறொரு சாதனத்தில் நகல் எடுங்கள். பிறகு சர்வரை முறையாக நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய பின் பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் உள்ளே தேங்கிய மின்சாரம் வெளியேறும். நிலைமின்னேற்றத்தைத் தவிர்க்க மணிக்கட்டுப் பட்டை அணியுங்கள். பட்டை இல்லையா? பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை அடிக்கடி தொட்டுக்கொள்ளுங்கள்.

2. தட்டைப் பொருத்துதல்

வன்தட்டுகள் பெரும்பாலும் 3.5 அங்குலம், 2.5 அங்குலம் என இரண்டு அளவில் வரும். ரெண்டுக்கும் ஒரே ஸ்க்ரூ இல்லீங்க! 3.5 அங்குலத் தட்டுக்கு 6-32 வகை, 2.5 அங்குலத் தட்டுக்கு எம்3 வகை. மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். நீளமான ஸ்க்ரூ உள்ளே இருக்கும் சுற்றுப்பலகையைக் குத்திவிடவும் கூடும்.

நான்கு பக்கமும் ஒரே அளவு இறுக்கம் போதும். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் தட்டு அதிரும். அதிர்வு, எழுதும் முனையின் வேலையைக் கெடுக்கும். காலியாக இருக்கும் அறைகளை அவற்றின் மூடியால் அடைத்து வையுங்கள். திறந்து கிடந்தால் விசிறிக் காற்று அந்த வழியாகப் போய்விடும், தட்டுகள் சூடாகும்.

3. தரவுக் கேபிள்

சாட்டா தரவு இணைப்பில் 7 முனைகள் உண்டு. அதன் வாய் ஆங்கில 'எல்' எழுத்து வடிவில் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. செருகும்போது 'டிக்' என்று பிடிக்கும் வகையை வாங்கினால் நல்லது. கேபிளின் நீளம் 1 மீட்டரைத் தாண்டக்கூடாது. கூர்மையாக மடிக்கவும் கூடாது. சிவப்பு, கறுப்பு, நீலம் என்ற நிறத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

மூன்றாம் தலைமுறைச் சாட்டாவின் வேகம் வினாடிக்கு 6 கிகாபிட். இதை 8ஆல் வகுத்து 750 மெகாபைட் என்று எழுதினால் விடை தவறு. இங்கே ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாகக் குறியேற்றப்பட்டு அனுப்பப்படுகிறது. ஆகவே 10ஆல் வகுக்க வேண்டும்: வினாடிக்கு 600 மெகாபைட்.

சர்வரில் 'சாஸ்' வகையும் உண்டு. சாஸ் இணைப்பில் சாட்டா தட்டைச் செருகலாம். சாட்டா இணைப்பில் சாஸ் தட்டைச் செருக முடியாது. தட்டின் பின்புறத்தைப் பாருங்கள். சாட்டாவில் தரவுப் பகுதிக்கும் மின்பகுதிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். சாஸில் அந்த இடைவெளி அடைபட்டிருக்கும்.

ஒரே மினி சாஸ் முனையிலிருந்து நான்கு சாட்டா முனைகளாகப் பிரியும் கேபிளை வாங்கும்போது கவனம் தேவை. கட்டுப்பாட்டு அட்டையிலிருந்து நான்கு தட்டுகளுக்குப் போவது ஒரு வகை. தாய்ப்பலகையின் நான்கு சாட்டா துளைகளிலிருந்து, தட்டுகள் செருகப்படும் பின்பலகைக்குப் போவது இன்னொரு வகை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான். உள்ளே கம்பிகள் வேறு விதமாக இணைந்திருக்கும். மாற்றி வாங்கினால் ஒரு தட்டும் தெரியாது.

4. மின்கேபிள்

சாட்டா மின்இணைப்பில் 15 முனைகள். 3.5 அங்குல வன்தட்டு 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பயன்படுத்தும். 12 வோல்ட் மோட்டாரைச் சுழற்றுகிறது. 5 வோல்ட் மின்னணுப் பகுதிக்குப் போகிறது.

தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில்தான் மின்தேவை அதிகம். ஒரு தட்டுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் என்று கொண்டால், 12 × 2 = 24 வாட். எட்டுத் தட்டுகள் ஒரே சமயத்தில் கிளம்பினால் 192 வாட்! அதனால்தான் பல சர்வர்கள் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல வைக்கின்றன. ஒரே கம்பியிலிருந்து பிரித்துப் பிரித்து எல்லாத் தட்டுக்கும் கொடுக்காதீர்கள், கம்பி சூடாகும்.

மிக முக்கியமான எச்சரிக்கை: கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளையில், வேறொரு பவர் சப்ளையோடு வந்த கேபிளைப் பயன்படுத்தாதீர்கள். முனை கச்சிதமாகப் பொருந்தும்; ஆனால் உள்ளே வோல்ட் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எல்லாத் தட்டும் ஒரே நொடியில் கருகிவிடும்.

5. பெயர்ச்சீட்டு ஒட்டுதல்

பலரும் விட்டுவிடும் படி இதுதான். ஒவ்வொரு தட்டிலும் வரிசை எண் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே தள்ளுவதற்கு முன்பே அதைக் குறித்துக்கொண்டு, அறையின் முகப்பில் சீட்டாக ஒட்டுங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். பழுதாகும்போது கணினி பெரும்பாலும் வரிசை எண்ணைத்தான் காட்டும். "மேலிருந்து ரெண்டாவது" என்று சொல்லாது.

6. ரெய்டு அமைப்பு

4 டெராபைட் தட்டுகள் நான்கு இருந்தால் கிடைக்கும் இடம்:

ரெய்டு 0: 16 டெராபைட். ஒரு தட்டு போனாலும் எல்லாம் போய்விடும்.
ரெய்டு 5: 12 டெராபைட். ஒரு தட்டின் பழுதைத் தாங்கும்.
ரெய்டு 6: 8 டெராபைட். எந்த இரண்டு தட்டு பழுதானாலும் தாங்கும்.
ரெய்டு 10: 8 டெராபைட். ஒரே ஜோடியில் உள்ள இரண்டும் போனால் தாங்காது.

ரெய்டு 5 எப்படித் தாங்குகிறது? மூன்று தட்டுகளில் 1, 0, 1 என்று இருந்தால், மொத்த ஒன்றுகள் இரட்டைப்படையாக வரும்படி நான்காவதில் 0 எழுதப்படும். இரண்டாவது தட்டு போய்விட்டால் மீதி 1, 1, 0. ஒன்றுகள் ஏற்கெனவே இரட்டைப்படை. ஆக, தொலைந்தது 0. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் பழுதான தட்டுக்குப் பதிலாக நல்ல தட்டைக் கழற்றிவிட்டால், ஒரே இடத்தில் இரண்டு விடை தெரியாது, கணக்கு நின்றுவிடும். ஐந்தாம் படியின் பயன் இப்போது புரிந்திருக்கும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: ரெய்டு காப்புநகல் ஆகாது. கோப்பைத் தவறுதலாக அழித்தால் எல்லாத் தட்டிலும் சேர்ந்தே அழியும்.

பயிற்சி வினாக்கள்

1. 6 டெராபைட் தட்டுகள் ஐந்து, ரெய்டு 5 அமைப்பில். பயன்படும் இடம் எவ்வளவு?
2. 4 டெராபைட் தட்டைச் சில கணினிகள் 3.64 என்று காட்டுவது ஏன்?
3. ரெய்டு 5 தட்டுகளில் 1, 1, ?, 1 என்று உள்ளது. விடுபட்ட பிட் எது?

விடைகள்

1. (5 − 1) × 6 = 24 டெராபைட்.
2. தயாரிப்பாளர் 1000இன் அடுக்கில் கணக்கிடுகிறார். கணினி 1024இன் அடுக்கில் கணக்கிடுகிறது. தட்டில் குறை இல்லை.
3. 1. ஒன்றுகளின் எண்ணிக்கை நான்காகி இரட்டைப்படை ஆகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: பழுதான பழைய வன்தட்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். 7 முனையையும் 15 முனையையும் மாணவர்கள் தாங்களே எண்ணட்டும். கையால் தொட்டுப் படித்தது தேர்வு அறையிலும் மறக்காது.