சான்றிதழுக்கு நிரந்தர ஆயுள், படச்சுருளுக்கு?

புது தில்லி: 2023 ஜூலை 31. மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுப்பிய முழக்கங்களுக்கிடையே, ஒளிப்பதிவு (திருத்த) மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நான்கு நாள்களுக்கு முன்பு, ஜூலை 27-இல், மாநிலங்களவை அதற்கு ஒப்புதல் அளித்திருந்தது. திருட்டுப் பிரதி எடுப்போருக்குக் கடும் தண்டனை, வயதுவாரியாகப் புதிய தணிக்கைப் பிரிவுகள் ஆகியவையே மறுநாள் நாளிதழ்களில் தலைப்புச் செய்திகளாயின.

அந்த மசோதாவில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் அம்சமும் இருந்தது. 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு படத்தின் தணிக்கைச் சான்றிதழ் பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அந்த வரம்பு நீக்கப்பட்டு, சான்றிதழ் என்றென்றைக்கும் செல்லும் என்றாகிவிட்டது. நல்லது. ஆனால், சான்றிதழ் பெற்ற படம் என்றென்றைக்கும் இருக்குமா? அதற்கு அந்தச் சட்டத்திலும் விடையில்லை; வேறு எந்தச் சட்டத்திலும் இல்லை.

நெருப்புக்கு அஞ்சிய சட்டம்

இந்தியாவில் திரைப்படத்துக்கென முதல் சட்டம் 1918-இல் வந்தது. படம் காட்டும் இடத்துக்கு உரிமம் வேண்டும், பார்வையாளர்களின் பாதுகாப்புக்கு ஏற்பாடு வேண்டும், காட்டப்படும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்பவையே அதன் சாரம். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அக்காலப் படச்சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவான இப்பொருள் எரியத் தொடங்கினால், தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிட்டுக்கொள்ளும். தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் தீ அணையாது. ஒளிக்கற்றையின் வெப்பத்துக்கு முன்னால் சுருள் சில நொடிகள் நின்றுவிட்டாலே போதும், திரையரங்கே பற்றிக்கொள்ளும்.

படச்சுருளை எடுத்துச் செல்வதையும் சேமித்து வைப்பதையும் ஒழுங்குபடுத்த 1948-இல் வந்த விதிகள், பெட்ரோலியச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்டவை என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. ஆக, படத்தை முதலில் தீ விபத்தாகவும், பிறகு ஒழுக்கத்துக்கு நேரும் ஆபத்தாகவும் அரசு பார்த்தது. காக்க வேண்டிய ஆவணமாக அது சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

புணேயில் எரிந்தது

தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் புணேயில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதில் சேர்ந்த பி.கே. நாயர், 1991-இல் இயக்குநராக ஓய்வு பெறும் வரை ஊர் ஊராக அலைந்து சுருள்களைச் சேர்த்தார். தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' (1913), 'காளிய மர்தன்' (1919) ஆகியவற்றில் எஞ்சிய பகுதிகளை இன்று நாம் பார்க்க முடிவது அவரது உழைப்பால்தான். எந்தச் சட்டமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. தயாரிப்பாளரின் வாரிசுகளிடம் கெஞ்சியும், பழைய இரும்புக் கடைகளில் தேடியும் பெற்றவை அவை. கறுப்பு வெள்ளைச் சுருளில் உள்ள வெள்ளிக்காக அதைக் கழுவி விற்றுவிடும் வழக்கம் நாடெங்கும் இருந்த காலம் அது.

அப்படிச் சேர்த்த நைட்ரேட் சுருள்களில் பெரும்பகுதி 2003 ஜனவரி 8-இல் எரிந்துபோனது. திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரி வளாகத்தில் இருந்த பழைய கிடங்கில் மூண்ட அத்தீயில், பிரபாத் நிறுவனத்தின் படங்கள் உள்பட ஏராளமான படங்களின் நைட்ரேட் பிரதிகள் அழிந்தன. சிலவற்றுக்கு வேறு வகைப் பிலிமில் எடுத்த நகல்கள் இருந்தன. ஆனால் நகல் என்பது நகல்தான். மூலத்தில் இருந்த நுட்பம் அதில் முழுமையாக வருவதில்லை.

தீயாவது ஒரே நாளில் செய்தியாகிவிடுகிறது. ஓசையில்லாத அழிவு அதனினும் பெரிது. அக்காப்பகத்தில் நடந்த தணிக்கை பற்றிய விவரங்கள் 2017 மார்ச் மாதம் வெளிவந்தபோது, 31,000-க்கும் மேற்பட்ட சுருள்கள் காணாமற்போயிருக்கலாம் அல்லது அழிந்திருக்கலாம் என்று தெரியவந்தது. பதிவேட்டில் எண் இருக்கிறது; அலமாரியில் பெட்டி இல்லை.

பெட்டிக்குள் நடப்பது

'பெட்டி வந்துவிட்டதா?' என்பது ஒரு காலத்தில் நம் ஊர்த் திரையரங்க வாசலில் அன்றாடம் ஒலித்த கேள்வி. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். அந்தக் கணக்கில் ஆயிரம் அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிடங்களே ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அதாவது, பதினான்கு ஆயிரம் அடிச் சுருள்கள் சேர்ந்ததே ஒரு படம். அவற்றில் ஒன்று தவறினாலும் கதை அறுந்துவிடும்.

நைட்ரேட்டுக்குப் பதிலாக 1950-களில் பரவிய அசிடேட் பிலிம் எளிதில் தீப்பற்றாது. ஆனால் அதற்கு வேறொரு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடத் தொடங்கும். பெட்டியைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும். வெளிவந்த அமிலமே அழிவை மேலும் விரைவுபடுத்தும். பக்கத்துப் பெட்டியில் உள்ள நல்ல சுருளையும் அது கெடுக்கும். சுருள் சுருங்கி, வளைந்து, நொறுங்கும். துருப்பிடித்த தகரப் பெட்டி இந்த நோய்க்கு உரம். எனவேதான் காற்று புகும் பிளாஸ்டிக் பெட்டி, கிடைமட்டமாக அடுக்குவது, ஈரப்பதம் குறைந்த குளிர் அறை ஆகியவை காப்பகங்களின் இலக்கணமாயின. வண்ணப் படமாக இருந்தால் உறைநிலைக்குச் சற்றே மேலான குளிர் தேவை. இல்லையேல் சாயம் வெளுத்துப் படம் முழுதும் செம்மை படரும். இந்தக் குளிரை ஆண்டு முழுவதும், மின்வெட்டிலும், ஊழியர் பற்றாக்குறையிலும் காப்பாற்றியாக வேண்டும். திட்டத் தொடக்க விழாவோடு முடிகிற செலவல்ல இது.

பாதுகாக்கப்பட்ட சுருளைப் பார்க்கக் கருவியும் வேண்டும். புரொஜெக்டருக்குள் சிலுவை வடிவச் சக்கரம் ஒன்று ஒவ்வொரு படத்தையும் ஒளிக்கு முன் இழுத்து ஒரு கணம் நிறுத்தும். மறுகணம் அடுத்ததை இழுக்கும். இழுக்கும் நேரத்தில் ஒளியை மறைக்க ஒரு மூடி சுழலும். கார்பன் குச்சிகளை எரித்து ஒளி தந்த காலம் போய், செனான் விளக்கு வந்தது. 2010-களில் திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியபோது இந்த இயந்திரங்கள் எடைக்குப் போயின. அவற்றோடு சேர்ந்து ஆபரேட்டர் என்ற தொழிலும் ஏறத்தாழ முடிந்தது. பல்சக்கரத்தில் பிலிமை மாட்டத் தெரிந்தவர்கள் இன்று முதியவர்கள்.

தில்லியின் ஸ்லைடுகள்

அசையாத படங்களின் நிலையும் இதுவே. தில்லியில் உள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் நூலகத்தில் கோயில்கள், சிற்பங்கள், ஓவியங்கள், ஏடுகள் ஆகியவற்றைப் பதிவு செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் உள்ளன. இரண்டு அங்குலச் சட்டத்துக்குள் 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரே ஒரு துண்டு, அதுதான் ஸ்லைடு. கலை வரலாறு கற்பித்த ஒரு தலைமுறை முழுவதற்கும் அதுவே பாடநூல். வட்டத் தட்டில் எண்பது ஸ்லைடுகளை அடுக்கி, பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றாக விளக்கின் முன் விழும் கோடக் கரோசல் கருவி 1961-இல் அறிமுகமாயிற்று. 2004-இல் அதன் உற்பத்தி நின்றது. கோடக்ரோம் பிலிமின் உற்பத்தி 2009-இல் முடிந்தது.

இந்திய வானிலையில் ஸ்லைடின் முதல் பகைவன் பூஞ்சை. இரண்டாவது, புரொஜெக்டரின் விளக்கே. அதிகம் காட்டப்பட்ட ஸ்லைடுதான் அதிகம் வெளுத்திருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த ஒரு கோயில் சுவரோவியம் பிற்பாடு சுண்ணாம்பு பூசப்பட்டு மறைந்திருந்தால், அந்த ஓவியத்துக்கு எஞ்சிய ஒரே சாட்சி அந்தத் துண்டுப் பிலிமாகவே இருக்கக்கூடும்.

வழக்கு காத்த படம்

ஒப்படைப்புச் சட்டம் என்ன செய்யும் என்பதற்குத் தென்னாட்டிலேயே ஒரு சான்று உண்டு. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. அதே ஆண்டில் வந்த இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வும் இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சியிருப்பது 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றே. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தரராஜ் தயாரித்த படம் அது. சி.வி. ராமன் பிள்ளையின் புதினத்தைத் தழுவி எடுக்கப்பட்டதால், அப்புதினத்தின் பதிப்பாளர் பதிப்புரிமை கோரி வழக்குத் தொடுத்தார். படம் முடக்கப்பட்டது; பிரதி பதிப்பாளர் வசம் போய்ச் சேர்ந்தது. புத்தகக் கடையில் கிடந்த அப்பிரதியைத் தேசியக் காப்பகம் 1974-இல் பெற்றது. ஓடிய படங்கள் அழிந்தன; ஓட முடியாமற்போன படம் பிழைத்தது. பிரதியை ஓரிடத்தில் நிறுத்தி வைக்க ஒரு சட்டக் காரணம் இருந்ததே அதற்குக் காரணம்.

புத்தகத்துக்கு அந்தக் காரணத்தை நாடாளுமன்றம் 1954-லேயே தந்துவிட்டது. நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, வெளியான முப்பது நாள்களுக்குள் பதிப்பாளர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் அனுப்ப வேண்டும். 1956-இல் நாளிதழ்களும் அதில் சேர்க்கப்பட்டன. திரைப்படத்துக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. தேசிய விருது பெற்ற படங்களின் பிரதி காப்பகத்துக்கு வரும் வழக்கம் உண்டு. விருது பெறாத நூற்றுக்கணக்கான படங்கள் தயாரிப்பாளரின் வசதியைப் பொறுத்தவை. ஆனால் ஒரு காலத்தின் தெருவையும் உடையையும் பேச்சையும் வரலாற்றுக்குத் தருபவை பெரும்பாலும் விருது பெறாத படங்களே.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. புத்தகப் பிரதி நூறு ரூபாய். படப் பிரதியின் செலவைச் சிறு தயாரிப்பாளர் எப்படித் தாங்குவார்? நியாயமான கேள்வி. அதற்குரிய விடையும் கடினமானதல்ல. பிரதியின் செலவை அரசு ஏற்கலாம். மானியமோ வரிச்சலுகையோ பெறும் படங்களுக்கு ஒப்படைப்பை நிபந்தனையாக்கலாம். பிரான்ஸ் போன்ற நாடுகளில் திரைப்படத்துக்கும் ஒப்படைப்புச் சட்டம் உண்டு.

பணமும் பொறுப்பும்

பணமே ஒதுக்கப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. தேசிய திரைப்படப் பாரம்பரிய இயக்கத்துக்கு ரூ.597 கோடி அறிவிக்கப்பட்டது. அதன் கீழ்ப் படங்களைப் புதுப்பிக்க ரூ.363 கோடி என 2022 மே மாதம் மத்திய அரசு தெரிவித்தது. அதற்குச் சற்று முன்பு, 2022 மார்ச்சில், ஆவணக் காப்பகமும் திரைப்படப் பிரிவும் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. வணிக நோக்குடைய ஒரு கழகத்திடம் பொதுச்சொத்தைத் தருவதா என்று திரைத்துறையினர் பலர் எதிர்த்தனர். சேகரிப்பின் உரிமை இந்திய அரசிடமே இருக்கும் என்று அமைச்சகம் உறுதியளித்தது. அந்த உறுதி ஓர் அறிவிப்பாக உள்ளது, சட்டப்பிரிவாக இல்லை.

டிஜிட்டலாக்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்ற எண்ணமும் தவறு. வன்தட்டு சில ஆண்டுகளில் பழுதாகும். கோப்பின் வடிவம் வழக்கொழியும். மீண்டும் மீண்டும் நகலெடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். இன்றைய படங்கள் பிலிமைத் தொடாமலே பிறக்கின்றன. அவற்றுக்குத் தகரப் பெட்டிகூட இல்லை. எனவே இனி இயற்றப்படும் ஒப்படைப்புச் சட்டம் பிலிமை மட்டுமின்றி டிஜிட்டல் மூலத்தையும் உள்ளடக்க வேண்டும். சுருளை ஓட்டும் கருவிகளையும், அவற்றை இயக்கத் தெரிந்தோரின் பயிற்சியையும் சேர்த்தே காக்க வேண்டும்.

ஒளிப்பதிவுச் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டு எழுபது ஆண்டுகள் கழித்தே சான்றிதழின் ஆயுளை அதில் திருத்தினோம். படத்தின் ஆயுளைப் பற்றிப் பேச இன்னொரு எழுபது ஆண்டுகள் காத்திருக்க முடியாது. வினிகர் நெடி அடிக்கும் பெட்டிகள் அடுத்த கூட்டத்தொடர் வரை பொறுத்திருப்பதில்லை. முழக்கங்களுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறினாலும்கூடச் சரி, நான்கு வரியில் ஓர் ஒப்படைப்புப் பிரிவைச் சேர்க்க, எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், ஓர் உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தால் அது நல்ல தொடக்கமாக இருக்கும்.