ஒரே ஒரு பிரதி



கணனி, கைத்தொலைபேசி என்றால் எனக்கு ஒரு பைத்தியம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதென்று காதில் விழுந்தால், அது எப்படி இயங்குகிறது என்று அறியும்வரை எனக்குச் சோறு இறங்காது. வாசிப்பும் பயணமும் எனக்குள்ள மற்ற இரண்டு பைத்தியங்கள். இந்த மூன்றும் ஒரே நாளில் ஒன்றாகச் சேர்ந்து எனக்குக் கற்றுத் தந்த ஒரு பாடத்தைத்தான் இங்கே உங்களிடம் சொல்லப் போகிறேன்.

2018 டிசம்பர் விடுமுறை. பிள்ளைகளோடு பேராதனையில் ரயிலேறிப் பதுளைக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் கைப்பையில் மின்னூல் வாசிக்கும் கருவி ஒன்று இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அதன் திரை தொலைபேசித் திரையைப் போன்றதல்ல. மிக நுண்ணிய குமிழ்களுக்குள் வெள்ளையும் கறுப்புமான துணிக்கைகள் இருக்கின்றன. மின்னூட்டம் எதை மேலே இழுக்கிறதோ அது எழுத்தாகவோ கடதாசியாகவோ தெரிகிறது. பக்கம் புரளும்போது மட்டுந்தான் மின்சாரம் செலவாகும். அதனால்தான் ஒரு தடவை சார்ஜ் செய்தால் வாரக் கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. வெயிலிலும் கண் கூசாது. இருநூறு புத்தகங்களுக்கு மேல் அதற்குள் வைத்திருந்தேன்.

அந்தப் புத்தகங்கள் தொலைந்துவிடக் கூடாதே என்று கருவிக்கு உறை போட்டு, உறைக்கு மேல் துணி சுற்றி வைத்திருந்தேன். தொலைபேசியையோ அலட்சியமாகக் கையில் வைத்திருந்தேன். நானு ஓயா கழிந்து, அப்புத்தளை நெருங்கும்போது, பள்ளத்தாக்கைப் படம் எடுப்பதற்காக யன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். வண்டி ஒரு வளைவில் குலுங்கியது. தொலைபேசி கையை விட்டுப் போய்விட்டது. கீழே தேயிலைச் சரிவு, அதற்கு மேல் பனி மூட்டம். எங்கே போய்த் தேடுவது?

தொலைபேசி போனதற்காக நான் அழவில்லை. அதற்குள் என் உம்மாவின் குரல் இருந்தது.

முந்திய வருடம் மூன்று பின்னேரங்கள் உம்மாவைக் குசினிக் கதிரையில் உட்கார வைத்து, வட்டிலப்பம், தொதல், மஸ்கத், அச்சாறு என்று ஒவ்வொன்றின் பக்குவத்தையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். நடுநடுவே அவருடைய கலியாணக் கதை, உம்மம்மா மாவிடிக்கும்போது சொன்ன கதைகள் எல்லாம் வரும். “மகள், இதெல்லாம் என்னத்துக்குப் பதியிறாய்? பக்கத்தில நின்டு பார்த்தாத்தானே விளங்கும்” என்று ஏசிக்கொண்டே சொல்லித் தந்தார். 2018 பெப்ரவரியில் உம்மா மௌத்தாகிவிட்டார். அந்தப் பதிவை வேறெங்காவது எடுத்து வைக்க வேண்டும் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். கணனிப் பைத்தியம் என்று பேரெடுத்தவள் செய்த வேலை இது!

இப்போது யோசித்துப் பாருங்கள். துணி சுற்றிப் பாதுகாத்த இருநூறு புத்தகங்களும் அன்று பள்ளத்தில் விழுந்திருந்தால் எனக்கு என்ன நட்டம்? கருவியின் விலை மட்டுந்தான். புத்தகங்களை மறுநாளே திரும்ப இறக்கிக்கொள்ளலாம். அவற்றின் பிரதிகள் உலகமெங்கும் இருக்கின்றன. உம்மாவின் குரலுக்கு ஒரே ஒரு பிரதிதான். நான் காவல் காத்தது தொலைய முடியாத பொருளை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் அச்சிட்ட நூல்கள் பலவற்றின் வேறு பிரதிகள் யார் யாருடைய வீட்டு அலுமாரிகளிலோ இருந்தன. எரிந்துபோன ஏட்டுச் சுவடிகளுக்கு அப்படி இல்லை. பிரதி எடுக்கப்படாத ஏடு போனது போனதுதான். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம் இன்று ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமாக்கி, எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. வீடுகளில் பத்திரமாகக் கிடந்த பழைய கொப்பிகளும் இதழ்களுமே இப்படிப்பட்ட வேலைக்கு ஆதாரம்.

பெரிய நிறுவனங்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனம் ‘டோய் ஸ்டோரி 2’ என்ற சிறுவர் படத்தைக் கணனியில் தயாரித்துக் கொண்டிருந்தபோது, 1998 இல், யாரோ ஒருவர் கொடுத்த ஒரே ஒரு கட்டளை படத்தின் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண் முன்னாலேயே பொம்மையின் தொப்பி மறைந்தது, பிறகு சப்பாத்து, பிறகு பொம்மையே மறைந்தது. பரவாயில்லை, மாற்றுப் பிரதி இருக்கிறதே என்று அதைத் திறந்தால், அது ஒழுங்காகப் பதிவாகாமல் இருந்திருக்கிறது. அதை யாரும் தொடர்ந்து சோதித்துப் பார்க்கவில்லை.

காப்பாற்றியது யார் தெரியுமா? கேலின் சூஸ்மன் என்ற பெண். அந்தப் படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களில் ஒருவர். கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அதற்காக வீட்டுக் கணனியில் படத்தின் பிரதி ஒன்றை வைத்திருந்தார். அந்தக் கணனியைப் போர்வைகளால் சுற்றி, காரின் பின் இருக்கையில் குழந்தையை வைப்பதுபோல் பட்டி போட்டுக் கட்டி அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார்கள். பிள்ளை வளர்க்கும் தாய் வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று பிரதிகள் இருக்க வேண்டும்; அவை இரண்டு வகைப் பொருட்களில் இருக்க வேண்டும்; அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். வேறு இடம் எதற்கு என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டோடு சேர்த்து அல்பத்தையும் இழந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! தொலைபேசியும் பென் டிரைவும் ஒரே அலுமாரியில் இருந்தால் கள்ளனுக்கும் வெள்ளத்துக்கும் ஒரே வேலைதான்.

இரண்டு வகைப் பொருள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பென் டிரைவில் நம் படங்கள் மின்னூட்டமாகத்தான் தங்கியிருக்கின்றன. வருடக் கணக்கில் எங்கும் செருகாமல் போட்டு வைத்தால் அந்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிந்து போகலாம். ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் உள்ளே சுழலும் தட்டு பழுதாகும். வீட்டில் பதிந்த சீடீக்களின் சாயம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கெட்டுவிடும். கலியாண வீடியோ சீடீ வைத்திருப்பவர்கள் இன்றே அதைப் போட்டுப் பாருங்கள்.

“எல்லாம் இணையத்தில் ஏறிவிடுகிறதே” என்று சில சகோதரிகள் சொல்வார்கள். கவனம். தொலைபேசியும் இணையக் கணக்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடி போல இணைக்கப்பட்டிருந்தால், பிள்ளை விளையாட்டாக இங்கே அழித்த படம் அங்கேயும் அழிந்துவிடும். குப்பைக் கூடையில் சில வாரம் கிடக்கும். அதற்குள் நீங்கள் கவனிக்க வேண்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. 2021 ஜூனிலிருந்து ஏற்றப்படும் படங்கள் அந்த அளவுக்குள் கணக்கிடப்படுகின்றன. அது நிரம்பினால் புதிய படங்கள் ஏறாது. வட்ஸ்அப்பில் கட்டாரிலிருந்து மகன் அனுப்பும் குரல் செய்தியும், உங்களை வந்தடைந்த பிறகு, உங்கள் தொலைபேசியில்தான் வாழ்கிறது.

நேரமில்லை என்பது நான் பத்து மாதம் சொன்ன சாக்கு. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது, படிப்பில் மனம் நில்லாமல், தக்காளி வடிவிலான குசினி மணிக்கூடு ஒன்றை முடுக்கி வைத்துப் படித்தார். 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு ஐந்து நிமிட ஓய்வு. உலகமெங்கும் அலுவலகங்களில் இன்று அதைப் பெரிய முறையாகப் பேசுகிறார்கள். அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்துக்குள் பாதி வீட்டு வேலையை முடிக்கிற நமக்கு இது புதிதா? அதே 25 நிமிடத்தை வாரத்தில் ஒரு நாள் படங்களுக்குக் கொடுத்தேன். 4,000 படங்களில் மங்கியவற்றையும் இரட்டைப் படங்களையும் கழித்து, மிச்சத்தை இரண்டு இடத்தில் வைத்து முடிக்க நான்கு மாதம் எடுத்தது. வைத்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தேன்.

உம்மாவின் குரல் முழுதும் போய்விடவில்லை. வட்டிலப்பப் பகுதியை மட்டும் மாவனல்லையில் இருக்கும் ராத்தாவுக்கு எப்போதோ அனுப்பியிருந்தேன். அதை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். நான்கு நிமிடப் பதிவு. இப்போது அது அவரிடமும், என்னிடமும், இணையத்திலும் இருக்கிறது.

மஸ்கத் பகுதி கிடைக்கவில்லை. உம்மாவின் பழைய கொப்பியில் தேடினோம். சீனி அளவு எழுதிய இடத்தில் எண்ணெய்க் கறை. ராத்தா ஒன்றரைச் சுண்டு என்கிறார். நான் ஒன்றேகால் என்கிறேன்.